குறைமாதக் குழந்தைக்கு மூளையில் ரத்தக்கசிவு: முன்கூட்டியே தடுக்க முடியுமா?

உங்கள் தம்பி மனைவிக்கு இப்போது 26-ஆம் வாரம். கருப்பைவாயின் நீளம் குறைந்திருக்கிறது என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. உறவில் ஏழாம் மாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு மூளையில் ரத்தம் கசிந்து, இன்றும் நடக்கச் சிரமப்படுகிறது. அதைப் பார்த்த பயத்தில், இந்தக் குழந்தைக்கு அப்படி வராமல் தடுக்க ஊசியோ மாத்திரையோ உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊசி உண்டு. ஆனால் அதை அம்மாவுக்குத்தான் போட வேண்டும், அதுவும் பிரசவத்துக்கு முன்பே. குழந்தை பிறந்த பிறகு அதற்குப் போட்டு இந்தப் பாதிப்பை உறுதியாகத் தடுக்கிற மருந்து இன்றுவரை இல்லை. பச்சிளங்குழந்தைப் பிரிவில் பல காலமாக வேலை செய்கிறவன் என்ற முறையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: தடுப்பின் பெரும்பகுதி பிரசவ அறைக்குள் போவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மிச்சம், பிறந்த முதல் மூன்று நாட்களில் அந்தக் குழந்தையை எவ்வளவு குறைவாகத் தொந்தரவு செய்கிறோம் என்பதில் இருக்கிறது. உங்களுக்கு இன்னும் நேரம் இருப்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில், எங்கே கசிகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரியும். மூளையின் நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. கருவில் அவற்றின் சுவரை ஒட்டி ஜெர்மினல் மேட்ரிக்ஸ் என்றொரு மெல்லிய படலம் இருக்கும். மூளைச் செல்கள் உருவாகி, மேற்பரப்பை நோக்கிப் புறப்படும் இடம் அது. அங்கே வேலை அதிகம், அதனால் ரத்த ஓட்டமும் அதிகம். ஆனால் அந்த ரத்தக்குழாய்கள் நிரந்தரமானவை அல்ல. சுவரில் தசையும் இல்லை, தாங்கிப்பிடிக்கப் போதுமான நாரும் இல்லை. வாரம் ஏற ஏற இந்தப் படலம் சுருங்கிக்கொண்டே வந்து, 36 வாரத்துக்குள் ஏறத்தாழ மறைந்துவிடும். அதனால்தான் நிறைமாதக் குழந்தைக்கு இந்த வகைக் கசிவு அபூர்வம். 1500 கிராமுக்குக் கீழே பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது. எடையும் வாரமும் குறையக் குறைய அபாயம் கூடும்.

நம் வீடுகளில் "ஏழு மாசத்துல பொறந்தா தங்கும், எட்டு மாசத்துல பொறந்தா தங்காது" என்று இன்னும் சொல்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். 28 வாரத்தில் பிறப்பதைவிட 30 நல்லது, 30-ஐவிட 32 நல்லது. ஒவ்வொரு வாரமும் அந்தப் படலத்தைச் சுருக்கிக்கொண்டே போகிறது. கருப்பைவாய் சுருங்கியதற்காக டாக்டர் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்தை எழுதிக்கொடுத்திருந்தால் ஒரு நாளும் விடாமல் வைக்கச் சொல்லுங்கள். நாட்களைத் தள்ளிப்போடுவதும் மூளையைக் காப்பாற்றும் சிகிச்சைதான்.

குழாய் பலவீனமாக இருப்பது மட்டும் காரணமல்ல. பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குப் போகும் ரத்தம் பெரிதாக மாறாது. மூளையின் குழாய்கள் தாமே சுருங்கியும் விரிந்தும் சரிசெய்துகொள்ளும். குறைமாதக் குழந்தைக்கு, அதிலும் உடம்பு சரியில்லாத குழந்தைக்கு, அந்தத் திறன் முழுமையாக வந்திருக்காது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வால்வு இல்லாமல் இறங்கும் குழாய் போல, மேலே என்ன அழுத்தமோ அது அப்படியே கீழே வந்து சேரும். அழுத்தம் சட்டென்று விழுந்து சட்டென்று ஏறுவதுதான் மிகவும் ஆபத்து. வெளியேறும் பக்கமும் சிக்கல்தான்: இந்தப் பகுதியிலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் சிரை, கூர்மையாக யு வடிவில் திரும்பித்தான் பெரிய சிரையில் சேர்கிறது. கழுத்துச் சிரை அழுந்தினாலோ மார்புக்குள் அழுத்தம் கூடினாலோ ரத்தம் அங்கே தேங்கிவிடும். இந்தக் கசிவுகளில் ஏறத்தாழ பாதி முதல் 24 மணி நேரத்திலும், 90 சதவீதம் வரை முதல் 72 மணி நேரத்துக்குள்ளும் நடந்துவிடுகின்றன.

இனி, நீங்கள் செய்யக்கூடியது. முதலாவது, பிரசவம் எங்கே நடக்கப்போகிறது என்பதை இந்த வாரமே முடிவு செய்யுங்கள். எங்கள் பேச்சில் இன்பார்ன், அவுட்பார்ன் என்று இரண்டு வகை உண்டு. எங்கள் மருத்துவமனையிலேயே பிறந்தது இன்பார்ன். வேறெங்கோ பிறந்து, ஆம்புலன்ஸில் எங்களிடம் வந்தது அவுட்பார்ன். ஒரே வாரம், ஒரே எடை என்றாலும் அவுட்பார்ன் குழந்தைகளுக்கு மூளை ரத்தக்கசிவு அதிகம். உலகம் முழுக்க இதே கதைதான். வழியில் உடம்பு சில்லிடுவது, மூச்சு ஏறி இறங்குவது, சாலையின் குலுக்கல், முதல் மணி நேரத்தில் கிடைக்க வேண்டிய கவனிப்பு தாமதமாவது எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. 108-இல் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனி வண்டி இருப்பது பெரிய வசதிதான். ஆனாலும் அம்மாவின் வயிற்றை மிஞ்சிய இன்குபேட்டர் வண்டி இன்னும் வரவில்லை. பயணம் செய்தே ஆக வேண்டுமென்றால், குழந்தை உள்ளே இருக்கும்போதே செய்வது நல்லது.

இங்கே உங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு எழலாம். முதல் பிரசவம் என்றால் வளைகாப்பு முடித்து ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். தாய்வீடு இருக்கும் ஊரில், 28 வாரக் குழந்தையை வென்டிலேட்டரிலும் சிபாப்பிலும் (மூக்கு வழியாகச் சீரான அழுத்தத்தில் காற்றுக் கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி) வைத்துப் பார்க்கும் வசதி இல்லையென்றால், இந்த முறை அனுப்ப வேண்டாம். அம்மா வேண்டுமானால் மகளிடம் வந்து இருக்கட்டும். பெரியவர்கள் மனம் வருந்துவார்கள், தெரியும். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "திடீரென்று 28 வாரத்தில் வலி வந்தால் இங்கேயே பிரசவம் பார்த்து, குழந்தையையும் இங்கேயே வைத்துக்கொள்வீர்களா, அல்லது வேறெங்காவது அனுப்புவீர்களா?" அனுப்புவோம் என்றால், எந்த இடத்துக்கு என்று கேட்டு, முன்பே அங்கே போய்ப் பதிவு செய்துவிடுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சீமாங்க் எனப்படும் அவசரகாலப் பிரசவ, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு மையமும் பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கும். தனியார் என்றால் பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள். இத்தனை சின்னக் குழந்தைகளை அங்கே வழக்கமாகப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள்.

இரண்டாவது, அந்த ஊசி. நம் ஊரில் நர்சுகள் "குழந்தைக்கு நுரையீரல் வளர்ற ஊசி" என்று சொல்லிப் போடும் ஸ்டீராய்டு ஊசிதான் இது. இதன் பிறப்பிடம் நியூசிலாந்தின் ஆக்லாந்து. கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளில் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்ததால் மிகச் சீக்கிரம் பிறந்த ஓர் ஆட்டுக்குட்டி, பிழைக்கக் கூடாத வயதில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தார். குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து தாய்மார்களிடம் சோதித்து, 1972-இல் முடிவுகளை வெளியிட்டார். உலகம் அதை ஏற்றுக்கொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1994-இல்தான் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு எல்லோருக்கும் பரிந்துரைத்தது. இடையில் போன உயிர்களை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

நுரையீரல் ஊசி என்ற பெயரால் அதன் மற்ற பலன் மறைந்துபோகிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கையில், மூளை ரத்தக்கசிவை இது சுமார் 40 சதவீதம் குறைக்கிறது. நுரையீரல் நன்றாக இருந்தால் மூச்சும் ரத்த அழுத்தமும் நிலையாக இருக்கும் என்பது ஒரு காரணம். அந்தப் படலத்தின் ரத்தக்குழாய்களையும் இது உறுதிப்படுத்துகிறது என்பது இன்னொன்று. நம் நாட்டில் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன்தான்: 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு ஊசி. சில இடங்களில் பீட்டாமெத்தசோன் 12 மில்லிகிராம், ஒரு நாள் இடைவெளியில் இரண்டு. மிகக் குறைந்த விலையுள்ள மருந்து. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஊசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளில் 19.6 சதவீதமும், போடாதவர்களின் குழந்தைகளில் 23.5 சதவீதமும் முதல் 28 நாட்களுக்குள் இறந்தன. அதாவது, 25 தாய்மார்களுக்குப் போட்டால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கிறது.

ஊசி போட்டு 24 மணி நேரம் கழித்து, ஏழு நாட்களுக்குள் பிரசவமானால் முழுப் பலன் கிடைக்கும். அதற்காக, "இன்னும் சில மணி நேரத்தில் பிரசவம் ஆகிவிடும், இனிமேல் எதற்கு" என்று விட்டுவிடக் கூடாது. ஓரளவு பலன் அப்போதும் உண்டு. வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள் என்றால், முதல் ஊசியைப் போட்ட பிறகே வண்டி ஏற வேண்டும். அதை ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சே போடலாம் என்று 2014-இலேயே மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. எந்த நேரத்தில் போட்டார்கள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது மிகவும் உதவும். தம்பி மனைவிக்கு கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால், ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும், அளந்து சரிசெய்வார்கள். அதற்காக ஊசியை மறுக்க வேண்டாம். அதேபோல, வலியே இல்லாதபோது "எதற்கும் இருக்கட்டும்" என்று இப்போதே போடச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். பிரசவம் நெருங்குகிறது என்று டாக்டர் கணிக்கும்போது போட்டால்தான் அதற்கு மதிப்பு.

32 வாரத்துக்கு முன் பிரசவம் உறுதியாகிவிட்டால், அம்மாவுக்கு மெக்னீசியம் சல்ஃபேட்டும் ஏற்றுவார்கள். அது ரத்தக்கசிவைத் தடுப்பதாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் கை கால் இறுக்கமாகும் பெருமூளை வாதத்தைக் குறைக்கிறது. பனிக்குடம் உடைந்தாலோ, காய்ச்சலோ துர்நாற்றமுள்ள கசிவோ இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்; கருப்பைக்குள் கிருமித்தொற்று இருந்தால் குழந்தையின் மூளைக்கு அபாயம் கூடுகிறது. சிசேரியன் செய்தால் மூளைக்குப் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். குறைமாதம் என்ற ஒரே காரணத்துக்காகச் சிசேரியன் தேவை என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. குழந்தை எப்படித் திரும்பியிருக்கிறது, அம்மாவின் நிலை என்ன என்பதைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும்.

பிறந்த அந்த நிமிடத்தில் தொப்புள்கொடி. குழந்தை மூச்சுவிடத் தொடங்கியிருந்தால், கொடியைக் கட்டுவதற்கு ஒரு நிமிடமாவது காத்திருப்பது நல்லது. நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தம் மெல்ல வந்து சேரும், அழுத்தம் சட்டென்று விழாது. இப்படிக் காத்திருப்பது குறைமாதக் குழந்தைகளின் இறப்பைக் குறைக்கிறது என்பது தெளிவாகியிருக்கிறது. அந்த ஒரு நிமிடம் காத்திருக்கப் பொறுமையில்லாமல், கொடியை விரலால் குழந்தை பக்கம் வழித்துவிட்டு அதே ரத்தத்தைச் சில நொடிகளில் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த இரண்டையும் ஒப்பிட்டது. 23 முதல் 27 வாரத்தில் பிறந்த குழந்தைகளில், கொடியை வழித்துவிட்டவர்களில் 22 சதவீதத்தினருக்கு கடுமையான ரத்தக்கசிவு. காத்திருந்தவர்களில் 6 சதவீதம்தான். ஆய்வையே நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதே ரத்தம், அதே கொடி. வேகம் மட்டும்தான் வேறு. இந்த நோயைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்த 72 மணி நேரம் முழுக்க இந்த ஒரே எண்ணத்தோடுதான் வேலை நடக்கும். பிறந்ததும் துடைக்காமலே கழுத்துவரை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உடல் சூட்டை 36.5-க்கும் 37.5-க்கும் நடுவில் காப்பாற்றுவார்கள். முடிந்தவரை சிபாப்பில் மூச்சுக்கு உதவுவார்கள். வென்டிலேட்டர் தேவைப்பட்டால், ஒவ்வொரு மூச்சிலும் இத்தனை மில்லி காற்று என்று அளந்து கொடுக்கும் முறை நல்லது. அது கடுமையான மூளைப் பாதிப்பைக் குறைக்கிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூளைக் குழாய்கள் விரியும், இறங்கினால் சுருங்கும். இரண்டும் மாறி மாறி நடப்பதைத்தான் தவிர்க்கப் பார்க்கிறோம்.

ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் மொத்த ரத்தமே சுமார் 90 மில்லிதான், ஒரு சின்ன டம்ளர் அளவு. தொப்புள் தமனிக் குழாயில் டெஸ்டுக்காக ஒரு மில்லி ரத்தம் எடுப்பதை, அரை நிமிடத்துக்குக் குறையாமல் மெல்ல எடுக்கச் சொல்வோம். வேகமாக இழுத்தால் அந்த நேரத்தில் மூளைக்குப் போகும் ஆக்சிஜன் குறைவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். குளுக்கோஸோ சலைனோ ஏற்றினாலும் அப்படித்தான், சிரிஞ்சால் தள்ளுவது கிடையாது. தலை நடுவில் நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டில் முழுக்கத் திருப்பினால் கழுத்துச் சிரை அழுந்தும். படுக்கையின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைப்பார்கள். டயப்பர் மாற்றும்போது இரண்டு காலையும் பிடித்து மேலே தூக்குவது பெரிய குழந்தைகளுக்கு நாம் செய்யும் வழக்கம். இங்கே அதைச் செய்தால் ரத்தம் தலைக்குப் பாயும். இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்து ஒரு விரல் அளவு மட்டும் உயர்த்தி, டயப்பரை உருவ வேண்டும். நல்ல நர்ஸ் ஒருவர் இதைச் செய்யும்போது மானிட்டரில் எண்கள் அசையாது. தூக்கம் கலைக்காமல், எல்லாப் பராமரிப்பையும் ஒரே வேளையில் செய்து முடித்து, இன்குபேட்டர் மேல் துணியைப் போர்த்திவிடுவார்கள்.

தலையை நேராக வைப்பது போன்ற ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தால் அதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. சேர்ந்து செய்யும்போதுதான் பலன் தெரிகிறது. ஜெர்மனியில் உல்ம் நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில், கசிவு வந்த குழந்தைகள் ஒவ்வொன்றுக்கும் எது காரணமாக இருந்திருக்கும் என்று அலசி, பிரசவ அறையிலிருந்து இன்குபேட்டர் வரை நடைமுறைகளை மாற்றினார்கள். புதிய மருந்து எதுவும் இல்லை. சுமார் 22 சதவீதமாக இருந்த கசிவு ஏறத்தாழ 10 சதவீதமாகக் குறைந்ததாக 2013-இல் எழுதினார்கள்.

"பிளேட்லெட் ஏத்துங்க, ரத்தம் உறைய மருந்து போடுங்க, எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்று கெஞ்சும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் கசிவு பெரும்பாலும் ரத்தம் உறையாததால் வருவதல்ல. 2019-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், பிளேட்லெட் 50,000-க்குக் கீழே போனதுமே ஏற்றிய குழந்தைகளில் 26 சதவீதம் இறந்தன அல்லது பெரிய ரத்தப்போக்குக்கு ஆளாயின. 25,000 வரை காத்திருந்து ஏற்றியவர்களில் அது 19 சதவீதம். பிளாஸ்மா, எத்தாம்சிலேட், ஃபீனோபார்பிட்டால் ஆகிய மருந்துகள் எல்லாம் முயன்று பலன் காணாதவை. இண்டோமெத்தசின் என்ற மருந்தைத் தடுப்பாகக் கொடுத்ததில் கடுமையான கசிவு 13-இலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது; ஆனால் அதே குழந்தைகளை 18 மாதத்தில் பார்த்தபோது வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. அதனால் சில இடங்களில் கொடுக்கிறார்கள், பல இடங்களில் கொடுப்பதில்லை. பிறந்ததும் போடும் வைட்டமின் கே ஊசி கட்டாயம் தேவை. ஆனால் அது தடுப்பது வேறு வகை ரத்தப்போக்கை.

முதல் மூன்று நாட்களில் பெற்றோர் வெறுமனே வெளியே நிற்க வேண்டியதில்லை. அனுமதி கிடைத்ததும், சுத்தம் செய்த கையை லேசாகச் சூடாக்கி, ஒரு கையைத் தலையிலும் இன்னொன்றைப் பாதத்திலும் அசைக்காமல் வைக்கலாம். தடவிக் கொடுக்க வேண்டாம். அந்தத் தோலுக்குத் தடவல் எரிச்சலாகத்தான் இருக்கும். அம்மா முதல் நாளிலிருந்தே பாலைக் கையால் பீய்ச்சி எடுத்துக் கொடுக்கட்டும். நெஞ்சோடு அணைக்கும் கங்காரு பராமரிப்பை எப்போது தொடங்குவது என்பது குழந்தையின் எடையையும் நிலையையும் பொறுத்தது. உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து பார்ப்பதை அந்த மூன்று நாட்கள் தள்ளிவையுங்கள்.

இத்தனையும் செய்தும் சில குழந்தைகளுக்குக் கசிவு வரும். அப்போது யாரையும், முக்கியமாக அம்மாவை, குற்றம் சொல்ல வேண்டாம். பெரும்பாலும் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. அதனால்தான் உச்சிக்குழி வழியாக ஸ்கேன் பார்க்கிறோம். கதிர்வீச்சு இல்லாத, படுக்கையிலேயே எடுக்கும் ஸ்கேன். வழக்கமாக முதல் வாரத்துக்குள்ளும், பிறகு ஒரு மாத வாக்கிலும், வீட்டுக்குப் போகும் முன்பும் எடுப்பார்கள். அதில் ஒன்று முதல் நான்கு வரை கிரேடு எழுதியிருக்கும். 1978-இல் லூ-ஆன் பாப்பைல் என்ற மருத்துவர் வகுத்த முறை அது. ஒன்றும் இரண்டும் என்றால் பெரும்பாலான குழந்தைகள் மற்ற குறைமாதக் குழந்தைகளைப் போலவே வளர்வார்கள். மூன்றில் ரத்தம் அறையை நிறைத்து விரித்திருக்கும். நான்கில் பக்கத்து மூளைத்திசுவே பாதிக்கப்பட்டிருக்கும். அது எந்தப் பக்கம், எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் பின்விளைவு. "நாலாம் கிரேடு" என்ற சொல்லை மட்டும் கேட்டு நம்பிக்கை இழக்காமல், டாக்டரிடம் ஸ்கேனைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.

மூன்றோ நான்கோ என்றால், அடுத்த சில வாரங்கள் அறையில் நீர் தேங்குகிறதா என்று தலைச்சுற்றளவை அளந்து, ஸ்கேனை அடிக்கடி திரும்ப எடுப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகும், உச்சிக்குழி புடைத்தாலோ, தலை வேகமாகப் பெருத்தாலோ, பால் குடிக்காமல் வாந்தி எடுத்தாலோ, கண் கீழ்நோக்கியே நின்றாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். கிரேடு எதுவானாலும் வளர்ச்சிப் பரிசோதனைகளை இரண்டு வயது வரையாவது தவறவிடாதீர்கள். கை கால் இறுக்கத்தை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து பிசியோதெரபி தொடங்கினால் நல்ல பலன் உண்டு. டிஇஐசி என்று சொல்லப்படும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையங்களில் இந்தப் பயிற்சி இலவசமாகவே கிடைக்கிறது.